சென்னையில் ஒரு பகல், மூன்று வேளை: சின்னக் கடையா, பெரிய ஹோட்டலா?

சென்ற ஐப்பசியில் அம்பாசமுத்திரத்திலிருந்து என் அத்தை குடும்பம் சென்னைக்கு வந்தது. காலையில் எழும்பூரில் இறங்கி, நடுப்பகலில் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு, இரவு வண்டியிலேயே திரும்புவதாகத் திட்டம். எழுபதைத் தாண்டிய அத்தைக்கு முழங்கால் வலி. கூடவே அத்தான், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். என் வீடோ ஆவடிக்கு அப்பால் இருக்கிறது. மூன்று வேளையும் வெளியில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்ற நிலையில் அத்தான் தொலைபேசியில் கேட்டது இது: "பெரிய ஹோட்டலு எங்க ஊருலயும் வந்தாச்சு மாப்ள. மெட்ராஸுக்குன்னு உள்ள சின்னக் கடையா, வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." பின்னாலிருந்து அத்தையின் குரலும் கேட்டது: "உக்காந்து ஒரு வாய் திங்கணும் மருமவனே, நின்னுக்கிட்டெல்லாம் நமக்கு ஆவாது."

இந்த இரண்டு வேண்டுகோளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது சென்னையில் சின்னக் கடைகளைத் தேடிப் போய்ச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு உடனே புரியும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இதே கேள்வி ஏதாவது ஒரு வடிவில் என்னிடம் வருவதால், ஒவ்வொரு வேளைக்கும் இருக்கும் வழிகளை ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

முதலில், சின்னக் கடை என்பதன் இயல்பைப் பார்த்துவிடலாம். ஏழெட்டு மேசை போட்ட ஒரு மெஸ்ஸோ டிபன் கடையோ, அன்றைக்கு எவ்வளவு விற்கும் என்று கணக்கிட்டு அந்த அளவுக்கு மட்டுமே மாவாட்டி, ஒரு அண்டா சாம்பார் வைத்து, அது தீர்ந்ததும் கடையைக் கட்டிவிடுகிறது. அடுப்பிலிருந்து இறங்கியது நேராக இலைக்கு வருவதால்தான் அதற்கு அந்தச் சுவை. தாமதமாக வந்தவருக்கு ஒன்றும் இல்லாமல் போவதும் அதே காரணத்தால்தான். பெரிய ஹோட்டலில் காலை ஏழு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரே தோசை கிடைக்கும். அந்தத் தோசை சிறப்பாக இருக்காது என்றாலும் மோசமாகவும் இருக்காது. ஆகவே நம்முடைய நேரம் நம் கையில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடையின் புகழெல்லாம் அதற்கு அப்புறம். மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவருக்கு மதிய நேரம் சொந்தமில்லை. ஆனால் விடியற்காலையில் ரயிலிலிருந்து இறங்குபவருக்குக் காலை நேரம் முழுக்கச் சொந்தம்.

அதனால் காலைச் சாப்பாட்டுக்கு நான் தயங்காமல் மயிலாப்பூரைச் சொல்வேன். எழும்பூரிலிருந்து ஆட்டோவில் அரை மணிக்குள் போய்விடலாம். கபாலீசுவரர் கோயில் காலையில் திறந்திருக்கும், நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை நான்கு மணியளவில்தான் மறுபடி திறப்பார்கள் என்பதால், தரிசனமும் சிற்றுண்டியும் ஒரே நடையில் முடிய வேண்டுமானால் காலைதான் வசதி. அங்கேயும் மூன்று விதமான கடைகளுக்கு இடையில் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அருண்டேல் தெருவில் ஒரு சந்துக்குள் ஒளிந்திருக்கும் ராயர் மெஸ் பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் பெயர் பெற்றது. ஆனால் இருக்கைகள் சொற்பம். முதலில் உட்கார்ந்தவர்கள் எழுந்தால்தான் அடுத்தவர்கள் உள்ளே போக முடியும், விடுமுறை நாள்களில் சந்திலேயே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருக்கும். பொன்னம்பல வாத்தியார் தெருவில் உள்ள ஜன்னல் கடையில் உட்காரும் பேச்சே கிடையாது. ஒரு பழைய வீட்டு ஜன்னல் வழியாக இட்லியும் பொங்கலும் பஜ்ஜியும் வெளியே வரும், வாங்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிட வேண்டும். தனியாக வரும் இளைஞனுக்கு அதைவிட நல்ல காலை உணவு இந்த ஊரில் அமைவது கடினம். என் அத்தைக்கு அது ஒரு தண்டனை. கோயிலை ஒட்டிய கிழக்கு மாட வீதியில் இருக்கும் கற்பகாம்பாள் மெஸ், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட இடம் தருகிறது. ருசியை மட்டும் தராசில் வைத்தால் ராயர் மெஸ்ஸின் பக்கம்தான் தட்டு தாழும் என்பது என் கட்சி. ஆயினும் முழங்கால் வலியுள்ள ஒருவரைச் சந்தில் நிற்க வைத்து ஊட்டும் அளவுக்கு எந்தப் பொங்கலும் உயர்ந்ததில்லை என்பதால், முதியவர் உடன் வந்தால் மாட வீதிக் கடையே சரி.

பங்குனி உத்திரத் திருவிழா நடக்கும் நாள்களில், குறிப்பாக அறுபத்துமூவர் உற்சவத்தன்று, இந்த யோசனை அத்தனையையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். அன்றைக்கு மாட வீதிகளில் நடப்பதே பாடு. மாறாக, மார்கழி இசை விழாக் காலத்தில் வருபவர்களுக்கு வேறெந்த மாதத்திலும் இல்லாத ஒரு வழி திறந்திருக்கும். சபாக்களின் வளாகத்தில் பந்தல் போட்டு நடத்தும் கேண்டீன்களில், கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவர்களும் போய் வாழையிலையில் சாப்பிடலாம். அறுசுவை நடராஜன், ஞானாம்பிகா போன்ற கல்யாணச் சமையல் பெயர்கள் இந்தக் கேண்டீன்களால் பாட்டைவிட அதிகமாகப் பேசப்பட்ட ஆண்டுகளும் உண்டு. சின்னக் கடையின் கைப்பக்குவமும் பெரிய பந்தியின் இட வசதியும் ஒன்றாக அமைவது அங்கேதான். ஆனால் அது டிசம்பர், ஜனவரியோடு முடிந்துவிடும்.

மதியச் சாப்பாட்டில்தான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதியின் மெஸ்களா, நகரெங்கும் கிளை பரப்பிய பெரிய சைவ ஹோட்டலா, குளிரூட்டிய காபி விடுதியா என்று மூன்று வழிகள் எதிரே நிற்கின்றன. திருவல்லிக்கேணியில் இத்தனை மெஸ்கள் முளைத்ததற்குக் காரணம் அங்குள்ள மேன்ஷன்கள். வேலை தேடியும் வேலை கிடைத்தும் வெளியூரிலிருந்து வந்த பிரம்மச்சாரிகள் சமையலறை இல்லாத ஒற்றை அறைகளில் தங்கியதால், அவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டை மாதக் கணக்கில் போட்டுத் தர மெஸ்கள் தோன்றின. தினமும் வரும் அதே முகங்களுக்குச் சமைப்பதால் காரத்தையும் சோடாவையும் அள்ளிக் கொட்டி ஒருநாள் ருசி காட்ட அவர்களால் முடியாது. ஒருவன் முந்நூறு நாளும் தின்று வயிறு கெடாமல் இருக்க வேண்டுமே! பயணத்தில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் இந்த வகையின் நல்ல உதாரணம். முதலில் டோக்கன் வாங்கிக்கொண்டு, அழைக்கும்போது உள்ளே போய், இலைக்கு முன்னால் உட்கார வேண்டும். பந்தி பந்தியாகத்தான் சாப்பாடு. அசைவம் வேண்டுவோருக்கு, சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு அருகே முகமது அப்துல்லா சாகிப் இரண்டாம் தெருவில் 1961 முதல் நடக்கும் நாயர் மெஸ் இருக்கிறது. கேரள பாணிச் சாப்பாடு, பக்கத்தில் தனியாக வாங்கிக்கொள்ளும் மீன் வறுவல், எதிர் வரிசையில் யாரென்று தெரியாத ஆள்கள் என்று அது முழுக்க முழுக்க மெஸ்தான். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே தடம் மாறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், வாலாஜா சாலை வழியாக நடந்து போகும் தூரம்தான்.

இவ்விரண்டு இடங்களிலும், இவை போன்ற எந்த மெஸ்ஸிலும், பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது என் அனுபவ விதி. முதல் பந்தியில் சோறு ஆவி பறக்கும், கூட்டு குழையாமல் இருக்கும், பரிமாறுபவருக்கும் பொறுமை இருக்கும். மூன்றாவது, நான்காவது பந்திகளில் ரசம் சற்று நீண்டுவிடுவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம். சில ஆண்டுகளுக்கு முன்பு, மதுரையிலிருந்து வந்த நண்பர் ஒருவரை ஊரெல்லாம் புகழும் ஒரு மெஸ்ஸுக்கு இரண்டரை மணிக்கு அழைத்துப் போனேன். 'சாப்பாடு முடிந்தது' என்று சாக்பீஸால் எழுதிய பலகை வாசலில் தொங்கியது. பக்கத்துக் கடையில் ஆறிப்போன எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுகொண்டே, மெஸ்ஸின் மீன் குழம்பைப் பற்றி நான் வழியெல்லாம் சொன்னதை நண்பர் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார்.

மெஸ்ஸில் இல்லாதவை என்னென்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பெட்டி வைக்க இடம் கிடையாது. ஆகவே சுமையை எழும்பூர் அல்லது சென்ட்ரல் கிளாக் ரூமில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பூட்டு இல்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள் என்பதையும் ஊரிலேயே நினைவில் கொள்வது நல்லது. பல மெஸ்களில் வாடிக்கையாளருக்கென்று கழிப்பறை இராது. இருந்தாலும், இருப்பதாக நினைத்துக்கொள்ளாமல் இருப்பதே நலம். சர்க்கரை நோயாளியையோ சிறு குழந்தையையோ அழைத்துப்போகும் குடும்பத்துக்கு, குழம்பின் மணத்தைவிட இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும். பலரும் வெட்கப்பட்டு இதைக் கேட்பதில்லை, பிறகு தவிக்கிறார்கள். அடுத்தது, நிதானம். நீங்கள் மோர் ஊற்றிக்கொள்ளும்போதே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் டோக்கனோடு நிற்பார். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அவருடைய நிழல் உங்கள் இலைமேல் விழும்.

பெரிய சைவ ஹோட்டல் இந்த மூன்று குறைகளையும் தீர்த்து வைக்கிறது. மூன்று மணிக்குப் போனாலும் ஏதாவது கிடைக்கும். முழுச் சாப்பாடு முடிந்திருந்தால் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இருக்கும். பிள்ளைகளுக்கு மினி மீல்ஸ் வாங்கலாம். மெஸ்ஸில் பல சமயம் சிறுவனுக்கும் ஒரு முழு இலையின் காசுதான். 1981-இல் கே.கே. நகரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய சரவண பவன் இன்று கடல் கடந்து கிளை பரப்பியிருப்பதற்குக் காரணம், எங்கே போனாலும் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும் அந்த நிச்சயம்தான். அத்தான் அலுத்துக்கொண்டதும் அதே நிச்சயத்தைத்தான். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு கடையையும் சொல்லியாக வேண்டும்: திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபே. கூஜாவில் சாம்பாரைக் கொண்டுவந்து இட்லி மூழ்கும் வரை ஊற்றும் அந்த வழக்கத்துக்காகவே போகலாம். இப்போது அதற்கும் கிளைகள் வந்துவிட்டன. என்றாலும் மெஸ்ஸின் நேரத்தைத் தவறவிட்டவர்களுக்கு அந்தப் பேட்டையிலேயே கிடைக்கும் கௌரவமான மாற்று அது.

காபி விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் மரங்களுக்கு நடுவே இருக்கும் அமேதிஸ்ட் போன்ற இடங்களில் நாம் விலைக்கு வாங்குவது நேரத்தை. சாப்பாடு அதற்கு ஒரு துணை. நெடுநாள் பார்க்காத தோழியோடு இரண்டு மணி நேரம் பேச வேண்டும் என்றால் அங்கே கொடுக்கும் பணம் வீணில்லை. பசித்த குடும்பத்தை அங்கே அழைத்துப்போவது வீண். கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. மர நிழலும் பேச்சும் மசால் தோசையும் ஒரே இடத்தில் கிடைத்தன. 2008-இல் அது மூடப்பட்டு, இப்போது அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்காவில் நிழல் குறையில்லை, காபிதான் இல்லை.

பணக் கணக்கில் சிறியதும் பெரியதும் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் 15 முதல், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரண உணவகங்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். ஆகவே ஏ.சி. அறையில் பில் கூடுதலாக வந்தால் அதற்குக் காரணம் வரி அல்ல, அந்த அறைக்கென்று வைத்திருக்கும் தனி விலைப்பட்டியல். ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் மிகச் சிறிய கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டிவிடும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. எனவே மெஸ்ஸில் பலகையில் எழுதியதே பெரும்பாலும் கடைசித் தொகை. ஹோட்டலில் 800 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 840 எடுத்து வைக்க வேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை நீக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கட்டாயமாக வசூலிப்பதைத் தடை செய்கிறது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிப்படுத்தியது. விலை ஒன்றே அளவுகோல் என்பவர்களுக்கு, 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகங்கள் இருக்கின்றன. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் இருப்பது நோயாளிகளின் உறவினர்களுக்குப் பேருதவி.

அறையில் தங்குபவர்கள், செயலி மூலம் சின்னக் கடைச் சாப்பாட்டை வரவழைத்துவிடலாமே என்று கேட்பார்கள். 2022 ஜனவரி 1 முதல் செயலி வழியாகப் போகும் உணவுக்கான ஜி.எஸ்.டி.யைச் செயலி நிறுவனமே செலுத்த வேண்டும் என்று ஆகிவிட்டதால், பதிவில்லாத கடையின் இட்லிக்கும் அங்கே வரி ஏறுகிறது. அதற்கு மேல் கொண்டுவரும் கூலி. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், முறுகல் தோசை டப்பாவுக்குள் இருபது நிமிடம் வியர்த்துத் துவண்டு வருவதை என்ன செய்வது? உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவருக்கு இட்லியோ தயிர் சாதமோ வரவழைக்கலாம். அதற்கு மேல் இந்த வழிக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன்.

இரவுக்கு நிலைமை தலைகீழ். வண்டி பிடிக்க வேண்டிய இரவில் எந்தச் சின்னக் கடையின் வரிசையிலும் நிற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சவுகார்பேட்டை என்.எஸ்.சி. போஸ் சாலையில் மாலை வேளையில் தொடங்கும் சீனா பாய் டிபன் சென்டரின் நெய்ப் பொடி இட்லியும் ஊத்தப்பமும் அருமையானவைதான். ஆனால் அந்தச் சாலை நெரிசலிலிருந்து எப்போது வெளியே வருவோம் என்பது யார் கையிலும் இல்லை. அதே பக்கத்தில், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய செகண்ட் லைன் பீச் ரோட்டின் அத்தோ கடைகளையும் இளவட்டங்களுக்கு மட்டும் சொல்வேன். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸில் முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். சென்னைக்கே உரியது எது என்று அத்தான் கேட்ட கேள்விக்கு இட்லியைவிட இதுதான் நேர்மையான பதில். ஆனால் நின்றுகொண்டு சாப்பிட வேண்டியது, காரமும் கூடுதல், ஏறப்போவதோ பத்து மணி நேர ரயில். மறுநாள் வரை தங்குபவர்கள் மட்டும் முயலலாம். கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏற வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. 2023 டிசம்பர் இறுதியில் அந்த நிலையம் திறந்தபின் தென் மாவட்டப் பேருந்துகளுக்காக நகரத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டியிருப்பதால், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவதோ, பார்சல் கட்டிக்கொள்வதோதான் வழி. பார்சல் என்றால் தேங்காய்ச் சட்னியைத் தவிர்த்து, மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி வாங்கிக்கொள்ளுங்கள். சட்னிதான் இந்த ஊர் வெக்கையில் முதலில் கெடுவது.

சுத்தத்தைப் பற்றிய கவலை சின்னக் கடைக்கு மட்டும் உரியதல்ல. சுவரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் தொங்குகிறதா என்று பார்க்கலாம், ஆனால் அது பதிவுக்குச் சான்று, அன்றைய சாம்பாருக்குச் சான்றில்லை. கூட்டம் வேகமாக நகரும் கடையில் எதுவும் நெடுநேரம் கிடக்காது என்பதுதான் நான் நம்பும் சான்று. காலியான கடை, சிறியதோ பெரியதோ, எனக்கு ஆகாது.

இப்படியெல்லாம் கூட்டிக் கழித்து, அத்தை குடும்பத்துக்கு நான் சொன்னது இதுதான்: காலையில் மாட வீதியில் உட்கார்ந்து சிற்றுண்டி, மதியம் மருத்துவரின் அழைப்பு எப்போது வரும் என்று தெரியாததால் மெஸ்ஸை மறந்துவிட்டு, மருத்துவமனைக்கு அருகில் கழிப்பறை உள்ள ஒரு பெரிய சைவ ஹோட்டல், இரவு எழும்பூரில் நிலையத்துக்கு எதிரே எந்தக் கடையில் இடம் கிடைக்கிறதோ அங்கே. அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. மதியம் அத்தையையும் பிள்ளைகளையும் ஹோட்டலில் உட்கார வைத்துவிட்டு, சேப்பாக்கம் வரை போய் வந்துவிடுவதாகச் சொல்லி ஆட்டோ ஏறியவர் முக்கால் மணி நேரம் கழித்து என்னை அழைத்தார். "வாசல்ல முப்பது பேரு நிக்கான் மாப்ள, என்ன செய்ய?" டாக்டர் எத்தனை மணிக்குக் கூப்பிடுவார் என்று கேட்டேன். இரண்டு மணிக்கு என்றார். அப்போது மணி ஒன்றே கால். திரும்பி வந்து, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அம்பாசமுத்திரத்திலும் சாப்பிட்டிருக்கக்கூடிய அதே மீல்ஸைச் சாப்பிட்டார். அடுத்த முறை இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.